மாடியில் நனைந்த விதைச் சாமை

காலை எட்டு பத்துக்கு மழை பிடித்தது. "பாவு நனையுது, ஓடியாங்கம்மா!" என்று பக்கத்து வீட்டு நெசவாளர் கத்தினார். தெருவில் பாவாக நீட்டிக் கட்டியிருந்த பட்டு இழைகளைச் சுருட்ட, காஞ்சிபுரத்துக்காரியான நான் யோசிக்காமல் ஓடினேன்.

சுருட்டி முடித்த பிறகுதான் எங்கள் மொட்டைமாடி நினைவுக்கு வந்தது. ஜவ்வாது மலை விவசாயிகளுக்கு உதவும் வேலையில் இருக்கிறாள் என் மகள். மலையில் மழை விடாததால், அவர்களில் ஒருவருடைய விதைச் சாமையை என்னை நம்பிக் காயவைக்க அனுப்பியிருந்தாள்.

மாடிக்கு ஓடினேன். விரித்திருந்த சாமையை அள்ள அள்ள ஈரம்தான் வந்தது. "அவங்ககிட்ட வேற விதை இல்லம்மா," என்று மகள் போனில் அழுதாள்.

மறுநாள் சாமைக்குச் சொந்தக்காரப் பெண்மணி மலையிலிருந்து வந்தார். நடந்ததைச் சொன்னேன். ஒரு பிடி அள்ளி முகர்ந்தார்.

"கஞ்சிக்கு ஆவும்மா. விதைக்கு ஆவாது."

குரலில் கோபமே இல்லை. அதைத்தான் இன்றுவரை தாங்க முடியவில்லை.

பிறகு கேட்டார்: "அந்தப் பாவாவது தப்பிச்சுதா?"