நான் செஞ்சேனா மேடம்?

கிரிமினல் வக்கீலைத் தேடி வருகிறவர்கள் எல்லாரும் "நான் செய்யலீங்க" என்பார்கள், தற்கொலைக்குத் தூண்டியதாக வழக்கில் மாட்டியவர்கள் மட்டும் "நான் செஞ்சேனா மேடம்?" என்று நம்மையே கேட்பார்கள். அரியலூரிலும் பெரம்பலூரிலும் பதினாறு வருஷமாக இந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிறேன். கோபத்தில் வாயைவிட்டு, அப்புறம் தூக்கம் வராமல் புரண்டவர்கள்தானே நாம் எல்லாரும்? அதனால் உங்களிடம் சொல்லலாம்.

அந்த ஒரு வார்த்தை

செல்வராசு விக்கிரமங்கலத்துக்காரர். கல்யாணமாகாத அண்ணன் தம்பி இருவரும் அப்பா அம்மாவோடு ஒரே வீட்டில் இருந்தார்கள். பைக்கைக் கேட்காமல் எடுத்துப்போன தம்பியிடம், "எங்கயாச்சும் போய்ச் சாவுடா" என்று கத்தியிருக்கிறார். இரண்டாம் நாள் தம்பி உயிரோடு இல்லை. புகார் கொடுத்தது அப்பா. பழைய சட்டத்தில் 306ஆம் பிரிவு, இப்போது 108. பத்து வருஷம் வரை ஜெயில்.

"சாகணும்னு நெனைச்சுத் தூண்டியிருக்கணும், இல்ல வாழவே வழியில்லாம நெருக்கியிருக்கணும். ஆத்திரத்துல சொன்ன வார்த்தை மட்டும் குத்தமாகாது" என்று விளக்கினேன். தலையாட்டினாரே தவிர முகம் தெளியவில்லை. கோர்ட்டும் அதையே சொல்லி விடுதலை செய்தது. "வூட்டுக்குப் போங்க" என்றேன். வராண்டா பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை.

"சட்டம் விட்டுருச்சுங்க மேடம். எங்கம்மா இன்னும் எங்க ரெண்டு பேரு தட்டுலயும் சோறு போடுதுங்க."

கூண்டில் ஓர் அம்மா

பரீட்சையில் பார்த்து எழுதிய பிளஸ் டூ மாணவியை வகுப்பில் கண்டித்தார் ஸ்டெல்லா டீச்சர். வரதராசன்பேட்டைப் பக்கம். அந்தப் பிள்ளை இறந்துபோக, டீச்சர் மேல் வழக்கு. நான் டீச்சருக்காக ஆஜரானேன்.

சாட்சி சொல்ல வந்தவர் பிள்ளையின் அம்மா. அவரைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தவள், எழுதி வைத்திருந்த கேள்விகளை மேஜையிலேயே விட்டேன். "டீச்சர் உங்க பொண்ணுகிட்ட எப்பவும் விரோதமா இருந்தாங்களா?" என்று மட்டும் கேட்டேன். அவர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். நீதிபதி எழுதுவதை நிறுத்தினார்.

"இல்லீங்க. அவங்க ஒருநாள் திட்டுனாங்க, நான் தெனம் திட்டுனேன். அப்ப என்னையும்ல அங்க நிறுத்தணும்?"

ஆஸ்பத்திரி மத்தியானம்

லப்பைக்குடிக்காட்டு மும்தாஜ் பிழைத்துக்கொண்டவள். புருஷன் துபாயில், மாமியார் வீட்டில் பேச்சுக்குப் பேச்சு குத்தல். அவர்கள் மேல் கேஸ் போடணும் என்று அவள் அப்பா, அவள் சொல்லில் அத்தா, என்னைப் பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். அவள் பயமோ வேறு: சாகத் துணிந்ததற்குத் தன்னைத்தான் ஜெயிலில் போடுவார்கள் என்று.

கட்டில் ஓரம் உட்கார்ந்தேன். "நீ அவ்வளவு மனக்கஷ்டத்துல இருந்திருக்கன்னுதான் சட்டம் எடுத்துக்கும். ஒன்னைத் தண்டிக்காது. கவர்மெண்டே ஒனக்கு வைத்தியம் பாக்கணும், கவனிச்சுக்கணும்னு இருக்கு. மாமியார் வூட்டு மேல கேஸ் வேணுமா வேணாமான்னு தெம்பு வந்ததும் நீயே சொல்லு" என்றேன். ரொம்ப நேரம் என் கையைப் பிடித்தபடி அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பசிக்குதுக்கா. அத்தாவ ரெண்டு இட்லி வாங்கியாரச் சொல்லுங்க."

இந்தப் பிரிவில் எத்தனையோ விடுதலை வாங்கிக் கொடுத்திருக்கிறேன், ஆனால் ஜெயித்தேன் என்று நான் சொல்லிக்கொள்வது இப்படி ஆள் பிழைத்து, கோர்ட்டுக்கு வராமலே போன கேஸை மட்டும்தான்.