லைட்டை அணைக்காதீங்க

பஸ் ஸ்டாண்டில் அவளுக்கு மைக் அக்கா என்றுதான் பேர். சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவள் புருஷனே ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுத்தான் யாரென்று கேட்பார்.

விசாரணைக் கவுன்டருக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு. ஓர் ஆள் உட்கார்ந்தால் முழங்கால் சுவரில் இடிக்கும். உள்ளே ஒரு நாற்காலி, ஒரு மைக், ஒரு சின்ன ஃபேன். ஃபேனை ஓடவிட்டால் மைக்கில் காற்றுச் சத்தம் விழும் என்று வெயில் காலத்திலும் அணைத்தே வைத்திருப்பாள். வேர்வை வழிய உட்கார்ந்துகொண்டு, எந்த பஸ் எந்தப் பிளாட்பாரம், எது தாமதம், எது பாதி வழியில் மக்கர் பண்ணி நிற்கிறது என்று சொல்லிக்கொண்டிருப்பாள்.

தேன் ஒழுகும் குரல் என்றெல்லாம் அளக்க முடியாது. கொஞ்சம் கரகரப்பு. ஆனால் அதட்டினால் ஊரே அடங்கும். தணிந்தால் அழுகிற பிள்ளை வாயை மூடும். பிள்ளை தொலைந்தால் மற்றவர்கள்போல "காணவில்லை" என்று அலறி, பெற்றவள் வயிற்றைக் கலக்க மாட்டாள். "பச்சைச் சட்டை போட்ட புள்ள இங்க என் பக்கத்துல உக்காந்து பிஸ்கட் தின்னுது. இதுவரைக்கும் அழல. அம்மா, ஓடி வராதீங்க, பஸ் குறுக்க வரும். நடந்தே வாங்க" என்பாள். அந்த அம்மாவும் நடந்துதான் வருவாள்.

அந்த மைக்கைத்தான் போன வருஷம் அவளிடமிருந்து பிடுங்கப் பார்த்தார்கள். காரணம், ஒரு சினிமா.

ஒரு நாள் பஸ்ஸைத் தவறவிட்ட ஒரு பெண் கூண்டுக்கு வெளியே வெகுநேரம் நின்றாள். பஸ்ஸைக் கேட்கத்தான் நிற்கிறாள் என்று அக்கா கண்ணாடியைத் தள்ளினாள்.

"அடுத்த பஸ் வந்துடும்மா, உக்காரு."

"பஸ்ஸுக்காக இல்லக்கா. நான் படம் எடுக்கிறேன். டைரக்டர். நடிச்ச பொண்ணுக்கு நம்ம பாஷை வராது. அவளுக்கு உங்க குரல் வேணும்."

அக்கா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "சம்பளம் உண்டா?"

"உண்டு."

"அப்ப கதையச் சொல்லு."

கதை பெரிதாக ஒன்றுமில்லை. கல்யாணமாகிப் பல வருஷமான ஒருத்தி. புருஷன் ராத்திரியில் விளக்கை அணைத்துவிட்டு அவன்பாட்டுக்கு வருவான், அவன்பாட்டுக்குத் திரும்பிப் படுத்துக்கொள்வான். உனக்கு வேண்டுமா, பிடிக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவள் தலையணையில் முகத்தைப் புதைத்து அழுவாள். ஒரு நாள் பெரிய சண்டை போட்டு வீட்டைவிட்டே போய்விடுகிறாள். அவன் போய் நின்று, பேசி, பேச்சைக் கேட்டு, ஒருவழியாக மனுஷனாகிறான். அவள் திரும்பி வருகிறாள். அன்றைக்கு அவன் கை சுவிட்சுக்குப் போகிறது. அவள் சொல்கிறாள்: "லைட்டை அணைக்காதீங்க. எனக்குப் பாக்கணும்." அப்புறம் சிரிக்கிறாள், மூச்சு வாங்குகிறாள். கழுத்து வரைக்கும் போர்வை. முகத்தை மட்டும்தான் காட்டுகிறார்கள்.

ஸ்டுடியோவில் அந்தத் தலையணை அழுகையை அக்கா ஒரே தடவையில் பேசி முடித்தாள். திரையில் அந்தப் பெண்ணின் தோள் குலுங்கியது. அக்காவின் தொண்டையிலிருந்து சத்தம் அதற்குப் பொருந்தி வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்ட் இன்ஜினியர் வாயைப் பிளந்தான்.

"எங்கக்கா கத்துக்கிட்டீங்க?" என்றாள் டைரக்டர்.

"இதுக்கு எதுக்கும்மா டியூஷன்?"

சிரிக்கிற காட்சிதான் உயிரை எடுத்தது. எத்தனை தடவை பேசினாலும் டைரக்டர் உதட்டைப் பிதுக்கினாள்.

"வலிக்கிற மாதிரி இருக்குக்கா."

"சினிமாவுல எல்லாப் பொம்பளையும் இப்படித்தானம்மா முனகுறாங்க?"

"அதான்க்கா எனக்கு ஆகாது. அடி வாங்கினாலும் அதே சத்தம், ஆசையா இருந்தாலும் அதே சத்தம். இவ சந்தோஷமா இருக்கா."

அக்கா ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தாள். "எனக்கு அந்தச் சத்தம் தெரியல. தெரிஞ்சா போட மாட்டேனா?"

அழுகை தயாராக இருந்தது, இது இல்லை. அது அவளுக்கே கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது.

டைரக்டர் கிட்டே வந்து உட்கார்ந்தாள். "சரி, உங்களுக்கு எதுக்கா ரொம்ப சுகம்? வெக்கப்படாம சொல்லுங்க."

"டூட்டி முடிஞ்சு வந்து வெந்நீர்ல காலை வெக்கிறது" என்றாள் அக்கா, யோசிக்காமலே.

டைரக்டர் கெட்டிக்காரி. சிரிக்கவில்லை. இன்ஜினியரைப் பார்த்தாள். அவன் போய் ஒரு பிளாஸ்டிக் வாளி நிறைய வெந்நீர் கொண்டுவந்தான். அக்கா செருப்பை உதறிவிட்டு, நாளெல்லாம் வீங்கிக் கிடந்த பாதங்களை உள்ளே இறக்கினாள். மூச்சு ஒன்று வந்தது பாருங்கள், அடிவயிற்றிலிருந்து! பின்னாலேயே ஒரு சிரிப்பு, தன்னை அறியாமல்.

"இதான்! இதான்க்கா!" என்று கத்தினாள் டைரக்டர்.

"காலை ஆட்டாதீங்கக்கா, தண்ணிச் சத்தம் விழுது" என்றான் இன்ஜினியர்.

ஊரையே உலுக்கிய அந்தச் சத்தம் ஒரு வாளி வெந்நீரில் பிறந்தது. பின்னால் அதைப் பற்றி முகம் சிவக்கப் பேசிய ஒருவருக்கும் இது தெரியாது.

படத்தில் பேர் போடலாமா என்று கேட்டதற்கு அக்கா வேண்டாம் என்றுவிட்டாள். "போட்டா என் நாத்தனார் நாலு தெருவுக்குத் தமுக்கடிப்பா."

படம் வந்ததும் அவளும் புருஷனும் போனார்கள். அவர் பார்சல் ஆபீசில் மூட்டைக்குச் சீட்டு ஒட்டுகிறவர். அதிகம் பேசாத ஆள். அக்கா திரையைப் பார்த்ததைவிடக் கூட்டத்தைத்தான் அதிகம் பார்த்தாள். தலையணை அழுகை வந்தபோது எல்லோரும் பாப்கார்ன் மென்றுகொண்டிருந்தார்கள். முன் வரிசையில் ஒரு குழந்தை அப்பன் மடியில் உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்த்தது. பிறகு விளக்குக் காட்சி. தியேட்டரில் உள்ள அத்தனை அப்பன்மார் கையும் ஒன்றாகக் கிளம்பின, பிள்ளைகளின் கண்ணைப் பொத்த! ஒருவன் விசிலடித்தான். ஒரு குடும்பம் "கர்மம், கர்மம்" என்று எழுந்தே போனது. திரையில் ஒரு பெண் தன் சொந்தப் புருஷனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

அழுதபோது ஒரு கைகூட எழவில்லையே என்று அக்கா நினைத்துக்கொண்டாள்.

வெளியே வந்து தெருமுனை வரை நடந்தார்கள். அப்புறம் புருஷன் மெதுவாகக் கேட்டார்.

"அந்த அழுகை... நான் கேட்டிருக்கேனா?"

"நீங்க தூங்கிட்டிருந்தீங்க."

அவர் நின்றுவிட்டார். அவள் கையிலிருந்த பையை வாங்கித் தான் மாட்டிக்கொண்டு நடந்தார். அதுவரை அந்தப் பையை அவர் சுமந்ததே இல்லை.

படம் மனதைப் பாதிக்கிறது, பெண்களைக் கெடுக்கிறது என்று டி.வி.யில் ஆள் மாற்றி ஆள் உட்கார்ந்து பேசினார்கள். பஸ் ஸ்டாண்டில் இரண்டே நாளில் குரலைக் கண்டுபிடித்துவிட்டார்கள். தினமும் கேட்கிற குரல், மறைக்கவா முடியும்? அக்கா மைக்கைத் திறந்து "பயணிகளின் கவனத்திற்கு" என்றதும் கல்லூரிப் பையன்கள் கோரஸாகக் கத்துவார்கள்: "லைட்டை அணைக்காதீங்க!" கண்டக்டர்கள்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

நாத்தனார் போன் போட்டாள். "அண்ணி, அது நீங்க இல்லன்னு சொல்லுங்க."

"நான்தான்."

"ஐயோ!"

"என்ன ஐயோ? நீ படம் பாத்தியா?"

"ரெண்டு தடவ" என்றுவிட்டு நாத்தனார் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

இதெல்லாம் அக்காவுக்குத் தூசு. ஆனால் டீக்கடைக்காரர் கிளப்பியது தூசு இல்லை. பஸ் ஸ்டாண்டுக் கடைக்காரர்கள் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். அந்தக் குரல் குடும்பத்தோடு வருகிறவர்களுக்குச் சங்கடமாக இருக்கிறது, அதை மாற்றியே ஆக வேண்டும் என்று மேனேஜரிடம் போய் நின்றார். மேனேஜர் அக்காவைக் கூப்பிட்டனுப்பினார்.

"படத்துல உங்க பேர் இல்லையேம்மா. அது நான் இல்லன்னு அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க, நான் மூடிடறேன். இல்லன்னா மெஷின்ல பதிவு பண்ணின குரல் போடச் சொல்லி மேலயிருந்தே உத்தரவு வந்துடும். நாளைக்கு அவங்களை வரச் சொல்லியிருக்கேன்."

நல்ல மனுஷன்தான். தப்பிக்க வழி காட்டினார். அக்கா வீட்டுக்குப் போய்ச் சோறு வடித்தாள், துணி மடித்துக்கொண்டே மேனேஜர் சொன்னதைச் சொன்னாள். புருஷன் கேட்டார்.

"என்ன சொல்லப் போற?"

"நான்தான்னு."

"மைக் போயிடுமே."

"போனா போவட்டும். நான் இல்லன்னு சொல்லிட்டு, அதே குரல்ல நாளைக்கு எப்படிங்க ‘பயணிகளின் கவனத்திற்கு’ன்னு சொல்றது? எனக்கே சிரிப்பு வரும்."

சொல்லிவிட்டாளே தவிர, மடித்த துணியையே மறுபடியும் பிரித்து மடித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கூண்டைத் தவிர ஊரில் அவளுக்கென்று வேறு ஒரு சாண் இடம் கிடையாது.

"நானும் வரேன்" என்றார் அவர்.

"வந்து?"

"சும்மா நிப்பேன்."

மறுநாள் மேனேஜர் அறையில் டீக்கடைக்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பின்னால் சங்கத்து ஆட்கள் இரண்டு பேர். சுவரோரம் அக்காவின் புருஷன், சொன்னபடி சும்மா நின்றார். டீக்கடைக்காரரின் மனைவி டம்ளர் தட்டோடு வந்து எல்லோருக்கும் டீ வைத்தாள். கடையில் பால் காய்ச்சுவது முதல் டம்ளர் கழுவுவது வரை அவள்தான். கல்லாப்பெட்டிக்கு மட்டும் அவர்.

"அம்மா, அது உங்க குரல் இல்லதானே?" என்று மேனேஜர் எடுத்துக் கொடுத்தார்.

"என் குரல்தான் சார்."

மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார்.

"பாத்தீங்களா, வெக்கமில்லாம ஒத்துக்குது!" என்றார் டீக்கடைக்காரர். "படம் பாத்து வந்ததுலேர்ந்து எனக்கு மனசே சரியில்ல சார். ஒரு மாதிரி உறுத்துது."

"எந்த சீனுண்ணே உறுத்துது?" என்றாள் அக்கா.

"எந்த சீனா? அந்த லைட்டு சீன்தான்!"

"அதுல அவ என்ன தப்பு பண்ணா? கட்டின புருஷன்கிட்ட எனக்குப் பாக்கணும்னு கேட்டா. சிரிச்சா. அது உறுத்துதா? சரி, உறுத்தட்டும். அதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி வருமே, அது?"

"எது?"

"தலைகாணில மூஞ்ச வெச்சு அழுவாளே. அதுவும் என் குரல்தாண்ணே. அது உங்களை ஒண்ணும் பண்ணலையா?"

டீக்கடைக்காரர் பின்னால் இருந்தவர்களைப் பார்த்தார். அவர்களும் முழித்தார்கள். "அப்படி ஒரு சீன் எங்க வந்துச்சு? எனக்கு ஞாபகமே இல்லையே."

"எனக்கு ஞாபகம் இருக்கு."

சொன்னது அவருடைய மனைவி. காலித் தட்டை வயிற்றோடு அணைத்துக்கொண்டு கதவருகே நின்றாள். அந்த அறையில் அவள் குரலை அதற்கு முன் யாரும் கேட்டதில்லை.

"நீ எப்பப் பாத்த?" என்றார் அவர்.

"உங்க பக்கத்து சீட்டுலதான் உக்காந்திருந்தேன்."

சங்கத்து ஆள் ஒருவர் ஆறிப்போன டீயை ஊதிக் குடித்தார். டீக்கடைக்காரரின் நெஞ்சு மெல்ல உள்ளே இறங்கியது. எதற்கோ எழுந்தார், எதற்கென்று மறந்ததுபோல் மறுபடி உட்கார்ந்தார், கடைசியில் "கடையில ஆள் இல்ல" என்று முனகிக்கொண்டு கிளம்பினார். மனைவி வழிவிட்டு நின்றாள். ஆனால் தலையைக் குனியவில்லை.

மேனேஜர் டீ டம்ளரை ஓரமாக நகர்த்தினார். அந்தப் படத்தை அவரும்தான் பார்த்திருந்தார், வீட்டோடு பார்த்திருந்தார்.

"மேலயிருந்து கேட்டா நான் பேசிக்கிறேன்" என்றார். "டூட்டிக்கு நேரமாச்சு. போங்கக்கா."

அம்மா என்று கூப்பிடுகிறவர் வாயில் அன்றைக்குத்தான் அக்கா வந்தது.

அன்று சாயங்காலம் நாலாம் பிளாட்பாரத்து பஸ் தாமதம். வேலை முடிந்த பெண்கள் வரிசையாக நின்றார்கள். அந்தப் பிளாட்பாரத்தில் இனி பஸ் இல்லை என்று நினைத்துக்கொண்டு எலெக்ட்ரீஷியன் சுவிட்சுப் பெட்டியைத் திறந்ததைக் கூண்டிலிருந்து அக்கா பார்த்துவிட்டாள். இருட்டில் அத்தனை பெண்களும் நிற்க வேண்டிவரும். மைக்கைத் திறந்தாள். என்ன சொல்ல வேண்டும் என்று தெரியும்; சொன்னால் என்ன ஆகும் என்றும் தெரியும். "மின் பணியாளர் கவனிக்கவும்" என்று சுற்றி வளைத்து ஒப்பேற்றியிருக்கலாம். ஒப்பேற்றவில்லை.

"நாலாம் பிளாட்பாரம். பொம்பளைங்க நிக்கிறாங்க, பஸ் இன்னும் வரல. தம்பி, லைட்டை அணைக்காதீங்க."

அப்புறம் சிரிப்பு கிளம்பியது. பையன்களிடமிருந்து இல்லை. நாலாம் பிளாட்பாரத்து வரிசையிலிருந்து, அத்தனை பெண்களும் ஒருத்தி தோளில் ஒருத்தி தட்டிக்கொண்டு, வாயைப் பொத்தாமல், வயிறு குலுங்கச் சிரித்தார்கள். டீக்கடையில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தவள்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். பெஞ்சில் அக்காவின் பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்த பார்சல் ஆபீஸ்காரர், பக்கத்தில் இருந்தவரிடம் கூண்டைக் காட்டி, "என் வீட்டுக்காரம்மா" என்றார். அவர் கேட்கவே இல்லை, இவராகவே சொன்னார்.

எலெக்ட்ரீஷியன் சுவிட்சிலிருந்து கையை எடுத்து இரண்டு கையையும் மேலே தூக்கிக் காட்டினான்.

"அணைக்கலக்கா!"