யாருக்கு யார் சம்மதம்

மும்பை செம்பூரில் நான் வேலை பார்க்கும் பயிற்சி நிலையத்தில் ஜன்னலைத் திறக்க மாட்டோம். திறந்தால் காஸ் வாடை வரும். எதிரே தெரியும் ஆலைப் புகைபோக்கிகளின் கைங்கரியம் அது. ஆனால் அவற்றுக்கு எல்லாக் காகிதமும் இருக்கிறது, யாரும் குறை சொல்ல முடியாது. வல்லான் வகுத்ததே வாய்க்கால். நாங்கள் ஜன்னலைச் சாத்தி, ஏசியைப் போட்டுக்கொண்டு, முனிசிபாலிட்டி அதிகாரிகளுக்கும் கம்பெனி இன்ஜினியர்களுக்கும் சுற்றுச்சூழல் சட்டம் சொல்லிக் கொடுப்போம். சாயங்காலம் சான்றிதழ் கொடுத்து குரூப் போட்டோ எடுப்போம்.

என் வேலை மொழி பார்ப்பது. நான் தாராவியில் பிறந்தவள், இப்போது ஆண்டாப் ஹில்லிலிருந்து பஸ் பிடித்து வருகிறேன். எங்கள் நிலையத்தின் தலைவி மாட்டுங்காவில் நெடுங்காலமாக இருக்கும் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தவர். தமிழ் அழகாகப் பேசுவார், எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். அதனால் தமிழில் எது வந்தாலும் என் மேஜைக்கு வரும். முடிவு மட்டும் மேடத்தின் மேஜையில் நடக்கும்.

போன மழைக்காலம் முடிந்த கையோடு தாராவிப் பட்டறைக்காரர்களுக்கு ஒரு பயிற்சி வைக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தது. பிளாஸ்டிக் அரைக்கிறவர்கள், தோல்காரர்கள், டப்பா கழுவி விற்கிறவர்கள் எல்லோரும் தொழில் நடத்த அரசாங்கத்திடம் அனுமதி வாங்கியாக வேண்டும். சட்டத்தில் அந்த அனுமதிக்குப் பெயர் கன்சென்ட். யாரோ ஏஜென்சிக்காரன் அதைச் 'சம்மதம்' என்று தமிழாக்கி அனுப்பியிருந்தான். தமிழ்நாட்டில் இதற்கு 'இசைவாணை' என்று ஒரு சொல் இருக்கிறது. தாராவியில் அதைச் சொன்னால் ஏதோ மருந்துக் கடைச் சரக்கு என்று நினைப்பார்கள்.

நான் மேடத்திடம் போய், பேசாமல் 'லைசென்ஸ்' என்று போட்டுவிடலாம், தாராவியில் கன்சென்ட் என்றாலும் சம்மதம் என்றாலும் வேறு அர்த்தம் என்றேன். கட்டடம் இடித்துக் கட்டுகிறவர்கள் வருடக்கணக்காக வீடு வீடாக வந்து கேட்டது அந்தக் கன்சென்ட்டைத்தான். கையெழுத்துப் போட்டால் உன் வீட்டை இடிக்க நீயே ஒப்புக்கொண்டாய் என்று பொருள். கைக்குழந்தைக்குக்கூட அந்த வார்த்தை தெரியும்.

மேடம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "சட்டத்தில இருக்கற வார்த்தையை நாம மாத்தப்படாது. நாளைக்கு யாராவது கேட்டா யார் பதில் சொல்றது?" என்றார்.

பயிற்சி தாராவியிலேயே ஒரு பள்ளிக்கூட ஹாலில் நடந்தது. கூட்டம் நன்றாகவே வந்திருந்தது. திரையில் கொட்டை எழுத்தில் 'சம்மதம் இல்லாமல் தொழில் நடத்துவது குற்றம்' என்று விழுந்ததும், யாருக்குக் கல்யாணம் என்று ஒருவர் கேட்க எல்லோரும் சிரித்தார்கள். மேடம் மைக்கை வாங்கி, "நீங்க எல்லாரும் கன்சென்ட்டுக்குக் கையெழுத்துப் போடணும்" என்றார். சிரிப்பு நின்றது. முன்வரிசையில் ஒருவர் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தார். பிறகு ஒவ்வொருவராக. யாரும் சத்தம் போடவில்லை. வாசலில் வைத்திருந்த வருகைப் பதிவில்கூட ஒருவரும் கையெழுத்துப் போடாமல், பிஸ்கட்டைத் தொடாமல் போனார்கள். மேடத்துக்கு அந்தப் பதிவுதான் பெரிய கவலையாகிவிட்டது. வந்தவர்கள் கையெழுத்து இல்லாமல் பயிற்சி நடந்ததாக எப்படிக் காட்டுவது? எனக்கு அவரைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

எழுந்து போனவர்களில் என் பெரியம்மா மகனும் ஒருவன். அண்ணன் பிளாஸ்டிக் அரைக்கும் மிஷின் வைத்திருக்கிறான். கீழே இன்னொருவர் கடை, மேலே மாளாவில் இவன் பட்டறை. மும்பையில் மேல்தளத்தை அப்படித்தான் சொல்வோம். வெளிப்பக்கமாக ஓர் இரும்பு ஏணி, அதில் ஏறித்தான் மூட்டைகள் போகும். பல காலம் அடுத்தவர் மிஷினுக்குப் பக்கத்தில் நின்று கூலிக்கு உழைத்தவன். சொந்த மிஷின் வந்த நாளிலிருந்து, இனி ஒருத்தன் கீழே போய் நிற்க மாட்டேன் என்பது அவன் பேச்சில் அடிக்கடி வரும்.

அன்று சாயங்காலமே அவனைத் தேடிப் போனேன். தங்கை என்றும் பார்க்காமல், நீயும் அந்த இடிக்கிற கூட்டத்தில் சேர்ந்துவிட்டாயா என்று பிடித்துக்கொண்டான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அண்ணே, இது நாம குடுக்குத சம்மதம் இல்ல. அவங்க நமக்குக் குடுக்கது. மிஷின் ஓட்டலாம்னு அவங்க எழுதித் தருவாங்க" என்றேன்.

மிஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். "அவனுவ நமக்குச் சம்மதம் குடுக்கப் போறானுவளா? இது நல்ல கூத்தால்லா இருக்கு" என்றான். ஆனால் புரிந்துகொண்டான். மறுவாரமே கம்ப்யூட்டர் கடைக்குப் போய் மனுப் போட்டான். தூசி பறக்காமல் இருக்க மிஷினுக்குத் தகர மூடி செய்தான், கழுவுகிற தண்ணீர் சாக்கடைக்கு நேரே போகாமலிருக்கத் தொட்டி வைத்தான். எங்கள் நிலையத்தில் ஏசியில் உட்கார்ந்து சான்றிதழ் வாங்கிப் போன எத்தனை பேர் இதில் பாதியாவது செய்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு ஆளுக்காவது என் வேலை உபயோகப்பட்டதே என்று நினைத்தேன்.

மனு திரும்பி வந்தது. இடத்துக்கு ஆதாரம் இல்லையாம். இடித்துக் கட்டுவதற்காக வீடு வீடாக சர்வே எடுத்தவர்கள் தரைத்தளத்தைத்தான் எண்ணினார்கள், மாளாவை எண்ணவில்லை. கீழே இருக்கும் கடைக்கு நம்பர் உண்டு, மேலே இருக்கும் பட்டறைக்குக் கிடையாது. அண்ணனும் நானும் மனுவைத் திருப்பி அனுப்பிய ஆபீசுக்கு நேரில் போனோம். எங்கள் நிலையத்தில் பயிற்சி பெற்றவர்தான் அங்கே உட்கார்ந்திருந்தார். என்னை அடையாளம் கண்டு சாய் வாங்கிக் கொடுத்தார். ரெக்கார்டில் அப்படி ஒரு இடமே இல்லை, இல்லாத இடத்துக்கு நான் எப்படி அனுமதி கொடுப்பேன் என்று இந்தியில் ரொம்ப மரியாதையாகக் கேட்டார். அண்ணன் சாயைக் குடிக்கவில்லை.

அடுத்த மாதம் அதே ஆபீசிலிருந்து சோதனைக்கு வந்தார்கள். ஏணியில் ஏறி, தகர மூடியையும் தொட்டியையும் பார்த்தார்கள், போட்டோ எடுத்தார்கள். அனுமதிக் காகிதம் எங்கே என்றார்கள். இல்லை. மிஷினுக்குக் கரண்டைத் துண்டித்து, கதவில் சீல் வைத்து, நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள்.

தகவல் தெரிந்து நான் ஓடியபோது அண்ணன் ஏணியின் மேல்படியில் உட்கார்ந்து மராத்தியில் இருந்த நோட்டீசைப் பார்த்துக்கொண்டிருந்தான். இந்தி எழுத்து தெரிந்தவனுக்கு மராத்தியும் கொஞ்சம் படிக்க வரும். விரலால் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினான். தெரு, சந்து, கீழ்க்கடையின் நம்பர், 'வெளிப்புற இரும்பு ஏணி வழியாக மேல்தளம்' என்று ஒரு எழுத்துக் குறையாமல் விலாசம் இருந்தது.

"ஏட்டி, இடமே இல்லன்னானுவ. இதுல எவ்வளவு தெளிவா எழுதிருக்கானுவ பாத்தியா. சர்க்கார் முத்திரை வேற இருக்கு" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "இந்த நோட்டீச இடத்துக்கு ஆதாரமா வச்சு திரும்ப மனுப் போடலாமா? ஒங்க மேடத்துட்ட கேட்டுச் சொல்லுதியா?" என்றான்.

அவன் கேலியாகச் சொல்லியிருந்தால் தேவலை. நிஜமாகவே கேட்டான்.

மேடத்திடம் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. இந்த மாதிரி ஒன்றைத்தான் தேடிக்கொண்டிருந்தாராம். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்பார்கள், பிடுங்குகிறோம் என்பதுகூடத் தெரியாமல் பிடுங்குகிறவரை அன்றுதான் பார்த்தேன். அடுத்து வந்த முனிசிபாலிட்டி அதிகாரிகளின் பயிற்சியில் அண்ணனின் கதை, பேர் ஊர் இல்லாமல், குழு விவாதத்துக்கு வைக்கப்பட்டது. சீல் வைத்த கதவின் போட்டோவும் திரையில் வந்தது. மேஜைக்கு மேஜை சார்ட் பேப்பர், ஸ்கெட்ச் பேனா, சமோசா. அதிகாரிகள் உற்சாகமாக விவாதித்தார்கள். நோட்டீசை ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியுமா என்ற கேள்விக்கு எல்லா மேஜையும் ஒரே பதில் சொன்னது. முடியாது, அது தண்டனைக் காகிதம்.

இதற்குத் தீர்வு என்ன என்று மேடம் கேட்டார். குழுத் தலைவர் ஒருவர் எழுந்து, பட்டறைக்காரர்களிடம் விழிப்புணர்வு இல்லை, அவர்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அதை மொழிபெயர்த்து அறிக்கையில் சேர்க்கும் பொறுப்பு எனக்கு.

அண்ணன் அப்போது கோவண்டியில் வேறொருவர் பட்டறையில் கூலிக்கு நின்றுகொண்டிருந்தான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவனே போன் செய்தான். பின்னால் மிஷின் சத்தம். பெரிய பெரிய ஆபீசர்கள் உட்கார்ந்து இவன் விஷயத்தைப் பேசுகிறார்கள் என்று நான் முதல் நாள் சொல்லியிருந்தேன்.

"என்னட்டி முடிவு பண்ணிருக்காவ?" என்றான்.

"ஒனக்கு டிரெய்னிங் குடுக்கணுமாம்ணே" என்றேன்.