அடைக்கோழியும் என் கரிக்கோடும்

முட்டையை உடைத்துப் படிக்கிற படிப்பில் ஒரு கஷ்டம் உண்டு: விளங்காவிட்டால் புத்தகத்தை மூடி வைக்கலாம், முட்டையை மூட முடியாது. வீட்டில் பரீட்சைக்குப் படிக்கிறவர் இருக்கிற சகோதரிகளே, பாதியை அவர்கள் படிக்கிறார்கள், மீதியை நாம்தான் படிக்கிறோம் என்பது உங்களுக்குத் தெரியாததா? நான் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்போடு நின்றவள். என் கொழுந்தன் ஆசீர் பெங்களூரில் பி.எஸ்ஸி. படிக்கிறான். கரு வளர்கிற பாடத்தில் போன வருஷம் தேறவில்லை. இந்தத் தடவையும் தவறினால் சுரங்க வேலைக்கு அவன் பெயரைக் கொடுத்துவிடுவேன் என்று அவன் அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர், சொல்லிவிட்டார்.

பதின்மூன்று முட்டை

லீவுக்கு வருமுன் ஆசீர் கடிதம் போட்டான். கோழியை அடை வைக்க வேண்டுமாம். தினம் ஒரு முட்டையை உடைத்து, உள்ளே இருப்பதை வரைந்து வாத்தியாரிடம் காட்ட வேண்டுமாம். நாள் கணக்குத் தவறவே கூடாதாம். சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான கோரமண்டல் லைனில் எங்கள் தட்டி வீட்டில், அடுப்புக்குப் பக்கத்தில், பழைய கூடையில் வைக்கோல் போட்டுத் திங்கட்கிழமை சாயங்காலம் பதின்மூன்று முட்டைமேல் கோழியை உட்கார வைத்தேன். மறந்துபோகாமல் இருக்க அப்போதே தட்டியில் கரியால் ஒரு கோடு இழுத்தேன். பக்கத்து வீட்டு முனியம்மா எட்டிப் பார்த்தாள். விஷயத்தைக் கேட்டுக் கன்னத்தில் கை வைத்தாள்.

"குஞ்சு பொரிக்கிற கோழியே காலேஜுக்குப் போவலியேடி, பாக்கறவனுக்கு இன்னாத்துக்கு?"

இதயத்தைக் காணோம்

மறுநாள் சாயங்காலம் ரயிலிறங்கி வந்தவன் முகம்கூடக் கழுவவில்லை. நான் இரண்டாவது கோட்டை இழுத்தேன், அவன் முதல் முட்டையை உடைத்தான். புத்தகத்தில் இரண்டாம் நாள் படத்தில் இதயம், சிவப்பு நரம்பு எல்லாம் இருக்கிறது. எங்கள் கிண்ணத்தில் வெளுப்பாய் ஒரு கீற்று, நொய்யரிசி அளவுக்கு. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் குனிந்து தேடினேன்.

மூன்றாவது கோட்டன்று இதயம் துடித்தது. அதற்குள் புத்தகம் கால் முளைக்கிற இடத்துக்குப் போய்விட்டது! தினமும் இப்படியே. சுரங்க வெடியின் அதிர்வா என்றான் அவன், அடுப்புப் புகையா என்றேன் நான். ஆறு முட்டை போயிற்று. ஏழாவது கிண்ணத்தின் முன்னால் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"புஸ்தகத்துல இருக்கறது இங்கிலீஷ் கோழி அண்ணி. நம்ம கோழிக்குப் பாடம் ஏறல."

பத்தா, ஒன்பதா

மனம் ஆறட்டும் என்று வேறு பாடம் ஒப்பிக்கச் சொன்னேன். மனுஷக் குழந்தை வயிற்றில் ஒன்பது மாதம் என்றான். எனக்கு வந்ததே கோபம்!

"இதோ இருக்காளே, இவளைப் பத்து மாசம் சுமந்தவ நான். உங்க வாத்தியார் எத்தினி பெத்தாரு தம்பி?"

விரல் விட்டு எண்ணினோம். தை ஒன்று, மாசி இரண்டு என்று தொடங்கி ஐப்பசியில் எனக்குப் பத்து. தை முடிந்தால்தான் ஒன்று என்று தொடங்கிய அவனுக்கு ஒன்பது. ஷிஃப்ட் முடிந்து வந்து சோறு தின்றுகொண்டிருந்த என் வீட்டுக்காரர் சிரித்தார்.

"சுரங்கத்துல எறக்கற கேஜுல கால வெச்சதுமே ஒரு ஷிஃப்ட்டுன்னு எழுதிடுவானா? எறங்கி, வேலை பாத்து, மேல ஏறி வந்தாத்தான் ஒண்ணு."

என் கையிலிருந்த கரண்டி நின்றது. தட்டியைப் பார்த்தேன். கோழி உட்கார்ந்த நிமிஷமே நான் ஒன்று போட்டுவிட்டேன்! ஒரு நாள்கூட முடியாத முட்டையும் என் கணக்கில் முதல் நாள், ஒரே நாள் ஆனது இரண்டாம் நாள். ஆசீர் என்னைப் பார்த்தான், தட்டியைப் பார்த்தான், நோட்டைப் புரட்டினான்.

"படமெல்லாம் சரிதான் அண்ணி. மேல எழுதின நாளுதான் உங்களுது."

ஏறி வந்தவன்

எல்லாப் படத்துக்கு மேலும் ஒரு நாள் குறைத்து எழுதினான். சந்தேகம் தீர இன்னும் இரண்டு முட்டை உடைத்தோம். கிண்ணமும் புத்தகமும் ஒத்துப்போயின. மிச்சம் நாலைக் கோழிக்கே விட்டுவிட்டேன். இருபத்திரண்டாம் கோட்டன்று கூடைக்குள் கீச்சுக் கீச்சென்று சத்தம்.

பரீட்சை முடிந்து, தேறிவிட்டதாக அவன் கடிதம் வந்தபோது நான்தான் எழுத்துக் கூட்டி வாசித்தேன். இவர் இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"ஏறி வந்துட்டான். இப்ப போடு ஒரு கோடு."

இப்போது இரண்டாவது குழந்தை வயிற்றிலிருக்க, இது எத்தனையாவது மாதம் என்று முனியம்மா கேட்டால், இரண்டு கணக்கையும் சொல்லி அவளையும் குழப்பிவிட்டு உள்ளே போய்விடுகிறேன்.