முள் ஏறாத வண்டி

ஏரிக்கரைப் பாதை முடிந்து தார் ரோடு தொடங்கும் இடத்தில் பெனிட்டா தினமும் சைக்கிளை விட்டு இறங்குவாள். சீட்டைப் பிடித்துப் பின்பக்கத்தை ஒரு சாண் தூக்கி, சக்கரத்தை மெதுவாகச் சுழற்றுவாள். கட்டைவிரல் நுனி டயரை உரசியும் உரசாமலும் நிற்கும். ஒரு முழுச் சுற்று. பிறகு முன்சக்கரம். ஒன்றும் தட்டுப்படாவிட்டால் விரலைச் சுடிதாரில் துடைத்துக்கொண்டு ஏறிவிடுவாள். பதினான்கு மாதத்தில் ஒரு முள்கூடத் தட்டுப்பட்டதில்லை.

அதை அவள் வண்டியின் பெருமையாக எடுத்துக்கொண்டாள். வண்டியைத் தேர்ந்தெடுத்தது அவள் அல்லவா.

வல்லக்கோட்டைக்குப் பின்னால் இருக்கும் அவள் ஊருக்குக் கம்பெனி பஸ் வராது. ஒரகடத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் டிரெய்னி. காலை ஆறு மணிக்குள் கைரேகை வைக்க வேண்டும். ஒரே மாதத்தில் மூன்று முறை தாமதமானால் பர்மனென்ட் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். ரோட்டைச் சுற்றினால் பதினோரு கிலோமீட்டர், கரை வழியே ஐந்து. கரையில் மதகு உடைந்த இடத்தில் வண்டியைத் தூக்கித்தான் தாண்ட வேண்டும் என்பதால் ஸ்கூட்டி ஆகாது. கரை முடிந்தால் கன்டெய்னர் லாரிகள் உரசிக்கொண்டு போகும் ரோடு. இரண்டுக்கும் சேர்த்து ஒரு சைக்கிள் வேண்டும்.

ரகுவின் சைக்கிள் கடைக்கு வண்டி எடுக்கப் போனபோது அப்பா யாகப்பனும் கூட வந்தார். இருபது வருடம் கல் கிரஷரில் வேலை பார்த்து, நெஞ்சில் தூசி ஏறி வீட்டோடு இருப்பவர். அம்மா போன பிறகு அவர்கள் இருவர்தான்.

"சன்ன டயரா எடு பாப்பா. காத்து இறுக்கமா நிக்கும். பழைய டியூப வெட்டி உள்ள ஒரு சுத்து போட்டுட்டா கருவேல முள்ளு ஒண்ணும் பண்ணாது."

"மழை பேஞ்சா கரையில வழுக்கிக்கினு போவும்பா. பட்டை டயருதான் புடிச்சிக்கும்."

"பட்டை டயரு முள்ளயும் சேத்துப் புடிச்சிக்கும்."

ரகு சிரித்தான். "ரோட்டுக்கு ஒண்ணு, கரைக்கு ஒண்ணுன்னு ரெண்டா எடுத்துக்கோங்க. எனக்கும் யாவாரம் ஆவும்."

பெனிட்டாவுக்குச் சுள்ளென்று ஏறியது. "ஒனக்கு இன்னாப்பா தெரியும்? கிரஷர் தூசியத் தவிர இன்னா பாத்திருக்க நீ?"

யாகப்பன் பட்டை டயரை ஒருமுறை அழுத்திப் பார்த்தார். "இதுக்கே பில்லு போடுப்பா," என்றார் ரகுவிடம்.

அதற்குப் பிறகு அவர் விடியற்காலையிலேயே எழுந்து போகத் தொடங்கினார். அவள் கிளம்பும் நேரத்துக்கு, இருமிக்கொண்டே, கால் நிறையப் புழுதியோடு வாசலுக்கு வருவார்.

"பீடிக்குத்தான போன?"

"ஆமா, ஒரு கட்டு."

அவர் சட்டைப் பையைத் துழாவுவாள். ஒன்றும் இருக்காது. "எங்க ஒளிச்சி வெச்ச? டாக்டர் இன்னா சொன்னாரு? நீ செத்தா அழறதுக்குக்கூட எனக்கு லீவு கெடைக்காது."

அவர் சிரிப்பார். சிரிப்பு இருமலில் போய் முடியும். "வண்டி எப்படி ஓடுது?"

"ஒரு பஞ்சர் ஆயிருக்கா இதுவரைக்கும்? இன்னாமோ சொன்னியே!"

"நல்ல வண்டிதான். நான்தான் தப்பா சொல்லிட்டேன்."

பீடியை விடவில்லை என்று ஒருமுறை நாலு நாள் அவரோடு பேசாமலே இருந்தாள்.

ஐப்பசி மழையில் அவருக்கு மூச்சு முட்டியது. ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்து யாகப்பன் போய்ச் சேர்ந்தார். அடக்கம் முடிந்து ஆறாம் நாள் அவள் வேலைக்குக் கிளம்பினாள். மதகை எட்டும் முன்பே பின்சக்கரம் தரையில் உட்கார்ந்துவிட்டது. ரகு ஏழு முள் பிடுங்கினான். புது டயர் போட்டாள். அடுத்த வாரம் அதுவும் போனது. பயந்துபோய் மறுநாள் ரோட்டைச் சுற்றினாள். லாரி நெரிசலில் நாலு நிமிடம் போனது. அந்த மாதத்தில் அது மூன்றாவது தாமதம்.

"சிஸ்டத்துல ஏறிடுச்சும்மா, நான் இன்னா பண்றது?" என்றார் சூப்பர்வைசர் சுப்பிரமணி. பட்டியல் ஒட்டினார்கள். அவள் பெயர் இல்லை. வந்த வழியே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்பினாள். அப்பா இருந்திருந்தால் இந்த வண்டியை இப்போது என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துக்கொண்டே வந்தாள்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து வீட்டில் டீ கொடுத்துக்கொண்டிருந்தபோது, கரையோரத்தில் குடியிருக்கும் சந்திரம்மாள் அவளைத் தனியே கூப்பிட்டாள். ஆடு மேய்ப்பவள்.

"உங்கப்பா தொடப்பம் எங்க வூட்லயே கீது பாப்பா. எடுத்தாந்து குடுக்கட்டா?"

"இன்னா தொடப்பம்?"

"கரிக்குக் கருவேல மரம் வெட்றவங்க சாயங்காலம் முள்ளுக்கட்ட இழுத்துக்கினு போறாங்க இல்ல, மதகு வரைக்கும் சிந்திக் கெடக்கும். உங்கப்பா தெனம் விடியக்காலயில வந்து, மூஞ்சில துண்டக் கட்டிக்கினு, அம்புட்டையும் கூட்டித் தள்ளுவாரு. தூசி ஒனக்கு ஆவாதுண்ணான்னு நானும் சொல்லிப் பாத்தேன். பாப்பாகிட்ட சொல்லிடாத, அது எடுத்த வண்டி நல்ல வண்டின்னு நெனச்சிக்கினு கீது, அப்படியே நெனச்சிக்கட்டும்னுட்டாரு."