மட்டாஞ்சேரியிலிருந்து ரோமுக்கு, ஆலுவா வழியாக

மற்றவர்களை விமானம் ஏற்றிவிடுவதையே தொழிலாகக் கொண்டவன் வீட்டுக்குப் போவது பெரும்பாலும் டவுன் பஸ்ஸில்தான். மட்டாஞ்சேரி பஜாரில், மிளகு மூட்டைகளுக்கு நடுவே இருந்த சின்ன டிராவல்ஸ் ஒன்றில் எழுபதுகளின் தொடக்கத்திலிருந்து நான் பார்த்த வேலை அது. பாஸ்போர்ட், விசா, அம்மை ஊசிச் சான்று, டாலருக்கு அனுமதி, இன்ஷூரன்ஸ் எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டு, "இனி எந்தப் பேப்பர் பாக்கி?" என்று கேட்பேன். கூட்டமாக டூர் போகிறவர்களால் தொல்லை இல்லை. தனியாகக் கிளம்புகிறவர்கள்தான் தூக்கத்தைக் கெடுப்பார்கள். கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பிழைக்கிற எவருக்கும் இது புரியும்.

சாமி அறையில் பாலிசி

அரிசி மண்டிச் செட்டியார் சிங்கப்பூர் பார்க்கத் தனியாகப் புறப்பட்டார். இன்ஷூரன்ஸ் என்றதும் முகம் சுளித்தார். நல்லபடியாகக் கிளம்பும்போது கை கால் முறிவதைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்பது அவர் கட்சி. "யந்திரத் தகடு மாதிரி என்று நினைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி ஒருவழியாக எடுக்க வைத்தேன். அந்த உவமைக்காக என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அங்கே ஹோட்டல் குளியலறையில் வழுக்கி விழுந்து, காலில் மாவுக்கட்டோடு வந்து சேர்ந்தார். ஆஸ்பத்திரியில் பாலிசியைக் காட்டவில்லையா என்று கேட்டேன். பாலிசி மட்டாஞ்சேரியில், அவர் வீட்டுச் சாமி அறையில், மஞ்சள் குங்குமத்தோடு பத்திரமாக இருந்ததாம். நான் தலையில் கைவைத்தேன். செட்டியார் என்னைத்தான் பரிதாபமாகப் பார்த்தார்: "தகடுன்னு நீங்கதானே சாரே சொன்னது? அதைப் போயி யாராச்சும் பெட்டியில வச்சு கண்ட எடத்துக்கும் கொண்டு போவாங்களா?"

ஆலுவாவில் ஒத்திகை

ரோசம்மா டீச்சர் தோப்பும்படிப் பள்ளியில் பூகோளம் நடத்தியவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தூத்துக்குடியிலிருந்து வந்து, மீன்பிடித் துறைமுகத்தில் படகு வாங்கி நிலைத்த குடும்பம். ரிட்டையர் ஆன கையோடு என் எதிரே வந்து உட்கார்ந்தார். காலமெல்லாம் கரும்பலகையில் வரைந்த இத்தாலியில் ஒரு தடவை கால் வைக்க வேண்டும், அதுவும் தனியாக, அண்ணன் தடுத்துவிடுவதற்குள். கடையில் இருந்த ஒரே ஐரோப்பிய கைடு புத்தகத்தைக் கொடுத்தேன். புது ஊரில் இறங்கியதும் யார் பின்னாலும் போகாமல் தங்குமிடத்தை நாமே தேடிக்கொள்ள வேண்டும் என்று அதில் இருந்த பகுதியை அடிக்கோடிட்டும் காட்டினேன்.

மறு வாரம் டீச்சர் பெட்டியோடு, பக்கத்து ஊரான ஆலுவா ஸ்டேஷனில் போய் இறங்கியிருக்கிறார், பயிற்சிக்காக. தமிழும் மலையாளமும் தெரியாதவர் போல, இங்கிலீஷில் மட்டும் லாட்ஜுக்கு வழி கேட்டிருக்கிறார். ஒரு ஆட்டோக்காரர் ஏற்றிக்கொண்டு, பெரியாற்றங்கரை முழுக்கச் சுற்றி, ஸ்டேஷனுக்கு எதிரிலேயே இருந்த லாட்ஜில் இறக்கிவிட்டாராம். இதைச் சொல்லிவிட்டு டிக்கெட்டை ரத்து செய்யச் சொல்வார் என்று காத்திருந்தேன். டீச்சர் முகமெல்லாம் சிரிப்பு: "ஆலுவாவுலயே ஏமாந்தாச்சு சாரே, இனி ரோமுக்குப் பயப்பட என்ன இருக்கு?"

அண்ணாச்சி கேட்டுக்கொண்ட வாசிப்பு

டீச்சரின் அண்ணன் சூசை அண்ணாச்சி ஒரு மத்தியானம் தனியாக வந்தார். "தம்பி, நாஞ் சொன்னா கேக்க மாட்டா. அந்த இன்ஷூரன்ஸுல சாவு, சீக்குன்னு என்னல்லாம் போட்டிருக்கோ, அதை நாளைக்கு அவ முன்னால சத்தமா வாசிச்சிரும். மிச்சத்தை நான் பாத்துக்கிடுதேன்" என்றார். அவர் கலக்கம் பொய்யில்லை. அவருக்கு ஒரே தங்கை.

மறுநாள் இருவரும் எதிரே உட்கார, வாசித்தேன். நிபந்தனைகளைச் சொல்வது என் வேலைதான். ஆனால் குரலை அவ்வளவு இறக்கி, நிறுத்தி நிறுத்தி வாசித்தது டீச்சரைப் பயமுறுத்தவா, தயார்படுத்தவா, அல்லது எனக்கே சொல்லிக்கொள்ளவா என்று இன்றும் தெரியவில்லை. வெளிநாட்டில் இறக்க நேர்ந்தால் உடலை ஊருக்குக் கொண்டுவருவது கம்பெனியின் பொறுப்பு என்ற வரி வந்ததும் அண்ணாச்சி சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். டீச்சர் அதை மறுபடி வாசிக்கச் சொன்னார். கேட்டுவிட்டு அண்ணன் பக்கம் திரும்பினார்: "கேட்டியளா அண்ணே? திரும்பி வர்ற காரியத்தைக் கம்பெனி பாத்துக்கும். போற காரியத்தை மட்டும் நாம பாத்தா போதும்."

திரும்பி வந்த புத்தகம்

டீச்சர் போனார். ஏதாவது தகவல் உண்டா என்று கேட்டுக்கொண்டு அண்ணாச்சி தினமும் கடைக்கு வந்து உட்கார்ந்தார். இருவரும் சாயா குடித்தே அந்த நாட்களைத் தள்ளினோம். தப்பான ரயிலில் ஏறி, வழி தெரியாமல் அலைந்து, நடுவில் காய்ச்சலிலும் படுத்து, டீச்சர் இளைத்துத் திரும்பினார். கைடு புத்தகம் மழையில் நனைந்து உப்பியிருந்தது. "ஊரெல்லாம் இதுல இருக்கிற மாதிரியேதான் சாரே. நான்தான் வேற மாதிரி இருந்தேன்" என்று அதை என் மேசையில் வைத்தார்.

பிறகு என் பாஸ்போர்ட்டைக் கேட்டார். மேசை டிராயரிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். காலாவதி ஆகாமல் புதுப்பித்துக்கொண்டே வருகிறேன். ஒரு முத்திரைகூட விழுந்ததில்லை. மகளின் படிப்பு, மனைவியின் ஆஸ்துமா, கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதது என்று அடுக்கிக்கொண்டே போனேன். டீச்சர் வெற்றுப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு, வகுப்பில் கேட்பதைப் போலக் கேட்டார்: "சாருக்கு இனி எந்தப் பேப்பர் பாக்கி?"

போகிற வழியில் நேரக்கூடிய எல்லாவற்றுக்கும் பாலிசி விற்கும் கம்பெனிகள், போகாமலே இருந்துவிடுவதற்கு மட்டும் இதுவரை ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை.