பழைய குழலுக்குப் புதிய அறை

மாசியில் என் மனைவி இறந்துபோனாள். சமையலறையில் நின்றவள் தலை இடிக்கிறது என்றாள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்துவிட்டது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த மறுநாளே சென்ட் லோரன்டில் உள்ள என் வேலைத்தலத்துக்குப் போனேன். விமானப் பாகங்கள் கடையும் இடம் அது. இருபத்தாறு வருடமாக அங்கே லேத் மெஷினில் நிற்கிறேன். நான் அழவில்லை. நேரத்துக்குச் சாப்பிட்டேன், படுத்தவுடன் நித்திரையானேன், காலையில் பஸ் பிடித்தேன்.

வைகாசியில், எங்கள் வேலைத்தலத்திலிருந்து ஓய்வுபெற்ற கியூபெக்கார நண்பர் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். அவரிடம் மான் வேட்டைத் துவக்கு ஒன்று இருந்தது. சுட்டுச் சுட்டுக் குழலின் பின்பகுதி உட்புறம் கருகிப் போயிருந்தது. அந்தப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, சற்று நீளமான ரவைத் தோட்டா இருக்கத்தக்கதாகப் புதிய அறை குடைய வேண்டும், பிறகு தூரத்துக் கடதாசி இலக்கைச் சுட்டுப் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. லேத் அவருடைய கராஜிலேயே இருந்தது. கைதான் இப்போது நடுங்குகிறது, நீ செய்து தருவாயா என்று கேட்டார். மறுக்கக் காரணம் எதுவும் தோன்றாததால் சரி என்றேன்.

லவாலில் இருக்கும் என் மகளுக்கு இது பிடிக்கவில்லை.

"அம்மா இருந்தா விட்டிருப்பாவே அப்பா?"

"விட்டிருக்க மாட்டா," என்றேன்.

நண்பரின் வீடு இல்-பிசாரில். அங்கே பஸ் குறைவு என்பதால் சனிக்கிழமைகளில் அவரே வந்து ஏற்றிப் போவார். முதல் சனி குழலை வெட்டி, மரை போட்டேன். அடுத்த சனி ரீமரால் அறையைக் குடைந்தேன். கொஞ்சம் குடைந்து, வெளியே எடுத்து, துகளைத் துடைத்து, எண்ணெய் விட்டு, மறுபடி குடைய வேண்டும். ஆழத்தைச் சரிபார்க்க இரண்டு கேஜ்கள். ஒன்றை உள்ளே வைத்தால், பின்பக்கத்தை அடைக்கும் போல்ட் மூட வேண்டும். மற்றதை வைத்தால் மூடக் கூடாது.

இரண்டாவதிலும் மூடியது.

டயலில் பத்துக் கோடு கூடுதலாகத் திருகியிருந்தேன். பயிற்சிக்கு வருகிறவர்கூடச் செய்யாத பிழை. அப்படியே சுட்டிருந்தால் ரவையின் பித்தளைக் கோது வெடித்து, சுடுகிறவரின் முகத்துக்கு வந்திருக்கும். நெஞ்சு பதறும் என்று காத்திருந்தேன். பதறவில்லை.

நண்பர் லேத்தை நிறுத்தினார். "கடைசியாக எப்போது ஒழுங்காக நித்திரை கொண்டாய்?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

நித்திரை நன்றாகத்தான் வருகிறது என்றேன். அதுதான் பிரச்சினை என்றும் சொன்னேன். அவள் செத்தது எனக்குத் தெரியும். ஆனால் யாருக்கோ நடந்ததைப் போலத்தான் தெரியும். இதை நான் அதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. என் பிரெஞ்சு மட்டமானது. தமிழில் என்றால் சொல்லியிருக்கமாட்டேன்.

அவர் தோளைத் தொடவில்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. குழலை எடுத்து வெளிச்சத்தில் உள்ளே பார்த்தார். "இன்னும் இரும்பு இருக்கிறது. மறுபடி வெட்டலாம்," என்றார்.

வெட்டினோம். இம்முறை அவர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு கோட்டையும் வாய்விட்டு எண்ணினார். இரண்டாவது கேஜில் போல்ட் பாதியிலேயே நின்றது.

பிறகு ரவை தயாரிக்கும் வேலை. புத்தகத்தில் சொன்ன அளவுக்குள், வெடிமருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஒவ்வோர் அளவிலும் ஐந்து ரவைகள். அவர் தராசைப் பார்த்துச் சொல்வார். நான் கோதின் அடியில் பேனாவால் இலக்கமிடுவேன். எது சிதறாமல் ஓரிடத்தில் விழுகிறதோ அதுதான் இந்தக் குழலுக்குரிய அளவு.

ஆடியில், நகரத்துக்கு வெளியே சுடும் திடலுக்குப் போனோம். ஊரில் சண்டைக்காலத்தில், வெடிச்சத்தம் கேட்டால் நிலத்தில் குப்புற விழுந்து வளர்ந்தவன் நான். முதல் வெடிக்கு உடம்பு ஏதாவது செய்யும் என்று நினைத்தேன். ஒன்றும் செய்யவில்லை. கண் தொலைநோக்கியில் துளையைத் தேடிக்கொண்டிருந்தது.

அவர் சுட்ட முதல் மூன்று அளவுகளும் சிதறின. நான்காவதை என்னிடம் தந்தார். பக்கத்தில் குந்தி, ஒவ்வொரு தடவையும் எப்படிப் பிடிப்பது என்று காட்டினார். அறுநூறு மீற்றருக்கு அப்பால் ஐந்து துளைகளும் ஓர் உள்ளங்கைக்குள் அடங்கின. நண்பர் என்னைக் கட்டிப் பிடித்தார். சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்து சிரித்தேன்.

அன்று பின்னேரம் என்னை மகள் வீட்டில் இறக்கிவிட்டார். சட்டையை மாற்றும்போது அவள் என் தோளைக் கண்டுவிட்டாள். துவக்கு உதைத்த இடம் நீலம் பாரித்திருந்தது.

"நோகேல்லையே அப்பா?"

தொட்டுப் பார்த்தேன். "ஓம், நோகுது," என்றேன்.

அவள் எண்ணெய் எடுத்து வந்து தடவினாள். தடவத் தடவ அழத் தொடங்கினாள். அவள் கையை எடுக்கும்வரை அசையாமல் இருந்தேன். பிறகு புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் தந்தாள். சாப்பிட்டேன்.

"வாற சனியும் போறியளோ?"

"ஓம். ஐந்தாவது அளவும் கிடக்கு."

"போறதெண்டால் சட்டைக்குள்ள ஒரு துவாயை மடிச்சு வைச்சுக்கொண்டு சுடுங்கோ," என்றாள்.